மாரிஸ்தானில் ஒலித்த இசை: நோவு தணிப்பதில் நம் முன்னோர் கண்டதும் கருத்து வேறுபட்டதும்

பக்தாதில் பெருஞ்செல்வரான வணிகர் ஒருவர் வாழ்ந்தார். அவருடைய கொடுக்கல் வாங்கல் கணக்குகள் அனைத்தும் மகனின் பொறுப்பில் இருந்தன. எவரிடம் எவ்வளவு நிலுவை, எவருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் மகன் ஒருவனுக்கே தெரியும். அந்த வணிகரின் அண்டை வீட்டுக்காரர்தாம் யஅகூப் இப்னு இஸ்ஹாக் அல்-கிந்தீ. ‘அரபுகளின் தத்துவ அறிஞர்’ என்று பிற்காலத்தார் போற்றிய அப்பெரியாரை அந்த வணிகர் போகுமிடமெல்லாம் பழித்துப் பேசி வந்தார். ஒருநாள் மகனுக்குத் திடீரென ‘ஸக்தா’ என்னும் நோய் கண்டது. பேச்சும் அசைவும் ஒருங்கே நின்றுபோயின. பக்தாதின் மருத்துவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துக் கைவிரித்தனர். இந்நோய்க்கு வழி தெரிந்தவர் இந்நகரில் உண்டென்றால் அவர் உம் அண்டை வீட்டுக்காரர்தாம் என்று சிலர் சொன்னபோது, வெட்கத்தை விழுங்கிக்கொண்டு வணிகர் ஒருவரைத் தூது அனுப்பினார்.

அல்-கிந்தீ வந்தார். இளைஞனின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். தம் மாணாக்கருள் ஊத் என்னும் நரம்புக் கருவியை வாசிப்பதில் தேர்ந்த நால்வரை வரவழைத்து, இன்ன முறையில் விரல் வைத்து இடைவிடாது வாசியுங்கள் என்று காட்டிக் கொடுத்தார். தாம் நாடியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. சிறிது சிறிதாக மூச்சு வலுத்தது; நாடி திரும்பியது; இளைஞன் அசைந்தான்; எழுந்து உட்கார்ந்து பேசினான். உடனே அல்-கிந்தீ தந்தையை நோக்கி, கணக்கு வழக்கில் கேட்கவேண்டியவை அனைத்தையும் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளும்படி சொன்னார். தந்தை கேட்டார், மகன் சொன்னான், எழுதி முடித்தார்கள். அதற்குள் வாசித்தவர்கள் கவனம் சிதறி முறை தவறினார்கள். இளைஞன் மீண்டும் பழைய நிலைக்குச் சாய்ந்தான். இன்னொரு முறை வாசிக்கச் சொல்லுங்கள் என்று தந்தை கதறினார். அதற்கு இனி வழியில்லை என்றார் அல்-கிந்தீ. எஞ்சியிருந்த ஆயுளைத்தான் அவன் அனுபவித்தான், அல்லாஹ் விதித்த தவணையை நீட்ட எவராலும் இயலாது என்பது அவருடைய விடையின் கருத்து.

இந்நிகழ்ச்சியைத் தம் அறிஞர் வரலாற்று நூலில் பதிவு செய்தவர் இப்னுல் கிஃப்தீ. அவர் ஹலப் நகரில் அமைச்சராக இருந்து 1248இல் மறைந்தவர். அல்-கிந்தீயோ ஏறத்தாழ 873இல் மறைந்தவர். இடையில் முந்நூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் இருப்பதால், நிகழ்ந்தது நிகழ்ந்தபடியே வந்து சேர்ந்தது என்று எவரும் உறுதி கூற இயலாது. ஹதீஸ் கலையில் ஸனதைச் சோதித்துப் பழகிய சமுதாயம் நாம். வரலாற்றுக் கதையிலும் அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை.

ஆயினும் இக்கதையை இங்கு முழுமையாக எடுத்துரைக்கக் காரணம் உண்டு. ‘இசை மருத்துவத்தைக் கண்டுபிடித்தவர்கள் முஸ்லிம்களே; அல்-கிந்தீ வாதநோய்க்காரனை இசையால் குணப்படுத்தினார்’ என்னும் செய்தி கைப்பேசிகளில் அடிக்கடி சுற்றி வருகிறது. கதையின் முற்பாதி மட்டும் அதில் இருக்கும். பிள்ளை மீண்டும் சாய்ந்ததும், தந்தை அழுததும், ஆயுள் முடிந்தது என்று அறிஞரே சொன்னதும் வெட்டப்பட்டிருக்கும். வெட்டப்பட்ட அந்தப் பகுதியில்தான் அல்-கிந்தீயின் அறிவு நேர்மை இருக்கிறது. நோயைத் தீர்த்தேன் என்று அவர் உரிமை கொண்டாடவில்லை. நோய்வாய்ப்பட்ட உடலுக்குச் சற்று நேரம் தெளிவையும் ஆறுதலையும் இசையால் கொடுக்க முடிந்தது என்பதற்கு அப்பால் கதை எதையும் சொல்லவில்லை.

அன்றைய மருத்துவத்தின் அடித்தளம் இரத்தம், கோழை, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் ஆகிய நால்வகைத் திரவங்கள். அவை சமநிலையில் இருந்தால் உடல் நலம். ஒன்று மிகுந்தாலோ குறைந்தாலோ நோய். இது கிரேக்கரிடமிருந்து வந்த கொள்கை. அல்-கிந்தீ ஊத்தின் நான்கு நரம்புகளையும் இந்த நான்கு திரவங்களோடு இணைத்தார். மெல்லிய நரம்பு மஞ்சட்பித்தத்தைத் தூண்டும், தடித்த நரம்பு கரும்பித்தத்தோடு உறவுடையது என்றவாறு அவருடைய வகைப்பாடு செல்லும். இன்றைய உடலியல் இக்கொள்கையை முற்றாகக் கைவிட்டுவிட்டது. கொள்கை பொய்த்தாலும் கவனிப்பு பொய்க்கவில்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது. ஓசைக்கும் நாடித்துடிப்புக்கும் தொடர்பு உண்டென்று கண்டவர், நாடியின் மேல் கை வைத்தபடியே இசையை வாசிக்கச் சொன்னார் என்று கதை சொல்கிறதல்லவா? அந்தக் கை இருந்த இடத்தில்தான் இன்று மருத்துவமனைகளில் துடிப்பைக் காட்டும் திரை இருக்கிறது.

பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் தம் பெயரை மறைத்துக்கொண்டு எழுதிய ‘இஃக்வானுஸ் ஸஃபா’ என்னும் குழுவினரின் மடல்களில் ஒன்று இசையைப் பற்றியது. அகீதா விஷயத்தில் அஹ்லுஸ் ஸுன்னாவின் அறிஞர்கள் இக்குழுவினரைக் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். அதை நானும் மறைக்கவில்லை. வரலாற்றுச் சான்று என்ற அளவில் மட்டும் அம்மடலின் ஒரு குறிப்பு நமக்குப் பயன்படும். மாரிஸ்தான்களில் வைகறைப் பொழுதில் வாசிப்பதற்கென்றே ஒரு மெட்டு இருந்தது, நோயின் வேதனையை அது தணித்தது என்று அது கூறுகிறது. வைகறை என்று அவர்கள் குறித்ததைக் கவனியுங்கள். இரவெல்லாம் உறங்காமல் கிடந்த நோயாளிக்கு விடியும் முன் வரும் அந்த நேரம் எத்தகையது என்பது நோயாளிக்குப் பக்கத்தில் விழித்திருந்தவர்களுக்குத் தெரியும்.

இவர்களுக்குப் பின் வந்த இப்னு ஸீனா (980–1037) இன்னும் தெளிவாகப் பேசினார். ‘அல்-கானூன்’ நூலின் முதற்பகுதியில் வலி தணிப்பவை எவை என்று அவர் ஒரு பட்டியல் தருகிறார். அபின் போன்ற மரத்துப்போகச் செய்யும் மருந்துகளைப் பற்றி எச்சரிக்கையோடு பேசியவர், அதே பேச்சில் நெடுநேரம் மெதுவாக நடப்பதையும், இனிய பாட்டைக் கேட்பதையும், அதிலும் உறக்கம் வருமாறு கேட்பதையும், மனம் மகிழும் ஒன்றில் ஈடுபடுவதையும் வலிநிவாரணிகளாகச் சேர்க்கிறார். மனத்தை வேறொன்றில் ஈடுபடுத்துவது வலிமையான நிவாரணி என்றே அவர் மதிப்பிடுகிறார். இந்த இடத்தில் அவர் நரம்பு, திரவம் என்ற கணக்குகளுக்குப் போகவில்லை. வலியின் மீதிருக்கும் கவனம் விலகினால் வலி குறையும் என்ற எளிய உண்மையைச் சொல்லி நிறுத்துகிறார். என் கணிப்பில், இத்துறையில் முன்னோர் எழுதியவற்றுள் காலத்தால் அழியாமல் நிற்பது இந்த ஒரு வரிக் கருத்துத்தான்.

இனி மாரிஸ்தான்களுக்கு வருவோம். ‘பீமாரிஸ்தான்’ என்னும் பாரசீகச் சொல்லுக்கு நோயாளர் இல்லம் என்று பொருள். மக்கள் வழக்கில் அது ‘மாரிஸ்தான்’ எனச் சுருங்கியது. திமிஷ்கில் நூருத்தீன் ஸன்கீ 1154இல் நிறுவியது புகழ்பெற்றது. பின்னாளில் மிஸ்ரின் ஸுல்தானான கலாவூன், படைத்தலைவராக இருந்தபோது ஷாம் தேசத்தில் நோயுற்று, அந்த நூரீ மாரிஸ்தானிலிருந்து வந்த மருந்துகளால் குணமடைந்தார் என்றும், தாம் அரசரானால் இதுபோல் ஒன்று கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டார் என்றும் மக்ரீஸீ எழுதுகிறார். கெய்ரோவில் 1284இல் எழுந்த மன்ஸூரீ மாரிஸ்தான் அந்த நேர்ச்சையின் விளைவு. செல்வர், ஏழை, ஆண், பெண், சுதந்திரமானவர், அடிமை என எவர் வந்தாலும் மருத்துவம் செய்யப்பட வேண்டும் என்பது அதன் வக்ஃபு நிபந்தனை. ஹலபில் 1354இல் அர்கூன் அல்-காமிலீ நிறுவிய மாரிஸ்தானில் மூன்று முற்றங்களையும் அவற்றின் நடுவே நீரூற்றுகளையும் காணலாம். மனநோய் கண்டவர்களின் அறைகள் அந்த முற்றங்களைச் சுற்றி அமைந்திருந்தன. நீரின் ஓசை இடைவிடாமல் காதில் விழவேண்டும் என்பது கட்டடத்திலேயே கலந்துவிட்ட எண்ணம்.

இவை அனைத்திலும் நான் அதிகம் வியப்பது எதிர்னே நகரத்து தாருஷ்ஷிஃபாவை. உஸ்மானிய ஸுல்தான் இரண்டாம் பாயஸீத் 1484இல் அடிக்கல் நாட்டி, 1488இல் பணி முடிந்த அந்த வளாகம் துன்ஜா ஆற்றங்கரையில் இருக்கிறது. பள்ளிவாசல், மருத்துவ மதரஸா, ஏழைகளுக்கு உணவளிக்கும் இமாரத், மருத்துவமனை எல்லாம் ஒரே வளாகத்தில் அமைந்தவை. மருத்துவமனையின் உட்பகுதி அறுகோண வடிவில் எழுந்து பெரிய குவிமாடத்தால் மூடப்பட்டது. நடுவே நீரூற்று. அதைச் சுற்றி மூடிய அறைகளும், முற்றம் நோக்கித் திறந்த மாடங்களும் மாறி மாறி வருகின்றன. மாடங்களுள் ஒன்று மேடைபோல் அமைந்திருக்கிறது. அங்கிருந்து எழும் ஓசை குவிமாடத்தில் பட்டு எல்லா அறைகளுக்கும் பரவுகிறது. நோயாளி எழுந்து வரவேண்டியதில்லை. படுத்த படுக்கையிலேயே அது அவரைத் தேடி வரும்.

பதினேழாம் நூற்றாண்டில் அங்கு சென்ற பயணி எவ்லியா செலெபி தம் பயண நூலில் இதை விரிவாக வருணிக்கிறார். ஸுல்தானின் வக்ஃபின்படி பத்து இசைவாணர்கள் நியமிக்கப்பட்டிருந்தார்கள், மூவர் பாடுபவர், எழுவர் நெய் என்னும் புல்லாங்குழலும் ஸந்தூரும் ஊதும் பிறவும் வாசிப்பவர், வாரத்திற்கு மூன்று முறை வந்து நோயாளிகளுக்கும் மனம் பேதலித்தோருக்கும் இசைப்பார்கள் என்று எழுதுகிறார். ராஸ்த், நவா, ஸேகாஹ் போன்ற மகாம்களின் பெயர்களையும் குறிப்பிடுகிறார். வசந்த காலத்தில் நோயாளிகளுக்கு மணமலர்கள் கொடுக்கப்பட்டனவாம். வேட்டைப் பறவைகளின் இறைச்சி சமைத்துத் தரப்பட்டதாம். எவ்லியா மிகைப்படுத்துவதில் பெயர் பெற்றவர். பித்தர்களைப் பிணைத்த சங்கிலிகள் பொன்முலாம் பூசிய வெள்ளி என்று அவர் எழுதுவதைப் படித்து நான் சிரித்திருக்கிறேன். ஆனால் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஓசை பரவும் விதத்தை எவரும் சென்று சோதிக்கலாம். 1997 முதல் திராக்யா பல்கலைக்கழகம் அதை மருத்துவ அருங்காட்சியகமாக நடத்துகிறது. 2004இல் அதற்கு ஐரோப்பிய மன்றத்தின் அருங்காட்சியகப் பரிசும் கிடைத்தது.

இங்கு ஓர் உண்மையைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மாரிஸ்தான்களின் இசை பெரும்பாலும் மனநோயாளிகளுக்கும் உறக்கமற்றோருக்கும் நீண்ட நாள் படுக்கையில் கிடந்தோருக்கும் உரியது. கத்தி வைக்கும் நேரத்தில் இசை வாசிக்கப்பட்டது என்று அக்குறிப்புகள் சொல்லவில்லை. சூடு போடுதல், கல் அகற்றுதல், எலும்பு பொருத்துதல் முதலிய சிகிச்சைகளை அந்தலூஸின் அஸ்-ஸஹ்ராவீ தம் ‘அத்-தஸ்ரீஃப்’ நூலின் முப்பதாம் பகுதியில் கருவிகளின் படங்களோடு விளக்கினார். அத்தகைய சிகிச்சைகளின்போது நோயாளியை மயக்க அபின் போன்றவற்றை அக்கால மருத்துவர்கள் அறிந்திருந்தனர். அவை போதாத நேரத்தில் மனவலிமைதான் துணை.

அந்த மனவலிமைக்கு நம் வரலாற்றில் உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை. ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அஸ்மா (ரலி) அவர்களுக்கும் பிறந்த மகன். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரி மகன். மதீனாவின் ஏழு ஃபகீஹுகளுள் ஒருவர். கலீஃபா வலீதைக் காண ஷாம் சென்றபோது அவருடைய காலில் அழுகல் நோய் பற்றி மேலேறியது. காலை வெட்டாவிட்டால் உயிர் போகும் என்றனர் மருத்துவர்கள். உணர்வு மங்கும்படி ஏதேனும் பருகத் தருகிறோம் என்றபோது, தம் இறைவனை நினைக்கும் அறிவை இழக்கத் தாம் விரும்பவில்லை என்று மறுத்துவிட்டார். ரம்பத்தால் அறுத்தார்கள், அவர் நாவில் திக்ர் ஓடிக்கொண்டிருந்தது. இரத்தத்தை நிறுத்தக் கொதிக்கும் எண்ணெயில் காலைத் தோய்த்தபோது மயங்கி விழுந்தார். தொழுகையில் இருக்கும்போதே வெட்டினார்கள் என்றும் ஓர் அறிவிப்பு வழங்குகிறது; விவரங்களில் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. அதே பயணத்தில் அவருடைய மகன் ஒருவர் விலங்கு உதைத்து இறந்த துயரமும் நேர்ந்தது.

இந்நிகழ்ச்சியை ஜும்ஆ மேடைகளில் நாம் பொறுமைக்குச் சான்றாகச் சொல்கிறோம், அது சரியே. ஆனால் வலியால் முனகும் நோயாளியிடம் போய், ‘உர்வா அவர்கள் எப்படித் தாங்கினார்கள் பார்’ என்று சொல்வது முறையாகாது. உர்வா (ரஹ்) தமக்காக எடுத்த முடிவு அது. மயக்க மருந்து ஹராம் என்று அவர் பிறருக்குத் தீர்ப்பளிக்கவில்லை. மருத்துவத் தேவைக்கு உணர்வை மரக்கச் செய்வதை ஃபுகஹாக்கள் அனுமதித்திருக்கிறார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நோயாளியிடம் இரக்கம் காட்டினார்கள். துயருற்றோரின் நெஞ்சுக்குத் தல்பீனா என்னும் பார்லிக் கஞ்சி இதமளிக்கும் என்று சொன்னார்கள். மரணம் நேர்ந்த வீட்டில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைச் சமைக்கச் சொல்வார்கள்.

இசை விஷயத்தில் உலமாக்கள் என்ன சொன்னார்கள்? இதைத் தவிர்த்துவிட்டு மாரிஸ்தான் பெருமையை மட்டும் பேசுவோர் வரலாற்றில் பாதியை மறைக்கிறார்கள். இசைக்கருவிகளை மதுவோடும் விபசாரத்தோடும் சேர்த்துக் கண்டிக்கும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் நரம்புக் கருவிகளையும் குழல்களையும் விலக்கினார்கள். அந்தலூஸின் இப்னு ஹஸ்ம் அந்த ஹதீஸின் தொடர் அறுபட்டது என்று வாதிட்டு, ஆகுமானது என்றார். ஹாஃபிழ் இப்னு ஹஜர் அல்-அஸ்கலானீ பின்னாளில் அத்தொடர் இணைந்து வரும் வழிகளைத் திரட்டி விடையளித்தார். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) ‘இஹ்யா’வில் இதற்கென ஒரு பகுதியையே ஒதுக்கி, குரலையும் கருவியையும் கேட்பவரின் உள்ளத்தையும் தனித்தனியே ஆராய்ந்தார், அவர்களும் நரம்புக் கருவிகளை மது அருந்துவோரின் அடையாளம் என்ற காரணத்தால் விலக்கவே செய்தார்கள். கருவியற்ற குரலின் நிலை வேறு. பெருநாளில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அன்ஜஷா என்னும் இனிய குரலோன் பாடி ஒட்டகங்களை விரைவுபடுத்தியபோது, மேலே அமர்ந்திருந்த பெண்களைக் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு ஒப்பிட்டு மெல்லச் செல்லும்படி சொன்னார்கள். ஓசை உயிரினங்களின் உடலில் என்ன செய்யும் என்பதை அங்கிருந்த அனைவரும் அறிந்திருந்தார்கள்.

அப்படியானால் மாரிஸ்தானில் ஊத் வாசித்தது எவ்வாறு? ஸுல்தான்கள் செய்தது மட்டும் ஷரீஅத்தில் ஆதாரமாகாது. ஆனால் இக்கேள்விக்கு நம் மதரஸாக்களில் ஓதப்படும் மரபிலேயே விடை இருக்கிறது. பலர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். பிற்கால ஷாஃபிஈ நூல்களில், சாட்சியங்கள் பற்றிய பாடத்தில், இசைக்கருவிகளை விலக்கிப் பேசும் அதே இடத்தில் ஒரு விதிவிலக்கு வருகிறது. நேர்மையான இரு மருத்துவர்கள், இந்த நோயாளிக்கு ஊத்தைக் கேட்பதைத் தவிர வேறெதுவும் பயன்தராது என்று அறிவித்தால் அவர்கள் சொல் ஏற்கப்படும், அவர் கேட்பது ஆகுமாகும் என்பது அதன் சாரம். அசுத்தப் பொருளால் மருத்துவம் செய்வதை நிர்ப்பந்தத்தில் அனுமதிப்பதோடு அதை ஒப்பிட்டார்கள். இரண்டு மருத்துவர், நேர்மை, வேறு வழியின்மை என மூன்று வாயில்களை வைத்துத்தான் திறந்தார்கள். ஆயினும் திறந்தார்கள். தேவை வரும்போது தடை தளர்வதற்கு ஸுன்னாவிலும் முன்மாதிரி உண்டு: உடல் அரிப்பால் துன்புற்ற ஸுபைர் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) ஆகிய இருவருக்கும் ஆண்களுக்கு விலக்கப்பட்ட பட்டாடையை நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். முன்னர் சொன்ன உர்வாவின் தந்தைதாம் அந்த ஸுபைர் (ரலி).

அறுவை சிகிச்சைக் கூடத்துக்குள்ளேயே இசை நுழைந்த வரலாறு மிக அண்மையது. 1914இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த எவான் கேன் என்னும் அறுவை மருத்துவர், தம் கூடத்தில் கிராமஃபோன் வைத்திருப்பதைப் பற்றி அந்நாட்டு மருத்துவச் சங்க இதழில் எழுதினார். மயக்க மருந்து ஏறும்வரை நோயாளியின் அச்சத்தைப் போக்க அது உதவுகிறது என்பது அவர் கண்டது. (அதே கேன் 1921இல், உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்துகொண்டு, தம் குடல்வாலைத் தாமே அறுத்தெடுத்தவர். அச்சத்தை நன்கறிந்த மனிதர்தான்.) 1959-60ஆம் ஆண்டுகளில் பாஸ்டன் பகுதியின் பல்மருத்துவர் கார்ட்னரும் ஒலியியல் அறிஞர் லிக்லைடரும் நோயாளியின் காதில் ஒலிக்கருவியைப் பொருத்தி, ஒரு திருகு அவர் கையிலேயே இருக்கச் செய்தனர். வலிக்கும்போது அருவி கொட்டுவது போன்ற இரைச்சலை அவரே கூட்டிக்கொள்ளலாம். பலருக்கு வேறு மருந்தே தேவைப்படவில்லை என்று அவர்கள் அறிவித்தபோது பெரும் ஆர்வம் எழுந்தது. சில ஆண்டுகளில் தணிந்தும் போனது. 1965இல் மெல்ஸாக், வால் ஆகிய இரு ஆய்வாளர்கள் முன்வைத்த கொள்கை இதற்கு ஒரு விளக்கம் தந்தது: தண்டுவடத்தில் வலிச்செய்திக்கு ஒரு வாயில் உண்டு, மூளையிலிருந்து இறங்கும் கட்டளைகள் அதை ஒருக்களிக்கச் செய்யலாம். இப்னு ஸீனா சொன்ன ‘மனத்தை ஈடுபடுத்துவது’ இங்கே உடலியல் மொழியில் திரும்ப வருகிறது.

2015இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, அறுவை சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 7000 பேரைக் கொண்ட 73 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இசை கேட்டோருக்குச் சிகிச்சைக்குப் பின் வலியும் பதற்றமும் குறைந்தன. வலிமருந்தின் தேவையும் குறைந்தது. மருத்துவமனையில் தங்கும் நாள்கள் குறையவில்லை. முழு மயக்கத்தில் இருந்தவர்களிடமும் ஓரளவு பயன் தெரிந்தது. எந்த இசை, எப்போது கேட்டது என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. இந்தக் கடைசிச் செய்தி நமக்கு முக்கியமானது. குறிப்பிட்ட கருவியிலோ குறிப்பிட்ட மகாமிலோ மந்திர ஆற்றல் இல்லை என்றால், ‘இதைத் தவிர வேறு வழியில்லை’ என்னும் நிபந்தனை பெரும்பாலும் நிறைவேறாது. காதுக்கும் மனத்துக்கும் இதமான வேறு ஓசைகள் இருக்கின்றன.

இது வெறும் ஏட்டுப் பேச்சாக நின்றுவிடவில்லை. என்னிடம் ஓதும் சிறுவன் ஒருவனின் கையில் கொதிநீர் கொட்டிவிட்டது. ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் நால்வர் பிடித்தாலும் அடங்கமாட்டான். செவிலியர் கைப்பேசியில் குழந்தைகள் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டியதும் பாதியாக அடங்கினான். அவனுடைய தாயார், “ஹஸரத், அது மியூசிக் உள்ள பாட்டு. பிள்ளை வலி மறந்து இருக்கான். நிறுத்தச் சொல்லவா?” என்று கேட்டார். நிறுத்த வேண்டாம் என்றேன். விவரமறியாத சிறுவன், கொடும் வலி, மருத்துவம் செய்வோரே கையாளும் வழி. அதோடு, கருவியில்லாத நஷீதுகள் சிலவற்றையும் அவன் மனனம் செய்துவரும் சூராக்களின் கிராஅத்தையும் அதே கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்து, அடுத்த முறை எதைக் கேட்கிறான் என்று அவனையே தேர்ந்தெடுக்க விடும்படி சொன்னேன். அவன் மாறி மாறிக் கேட்டான் என்று பிறகு தெரியவந்தது.

குர்ஆன் கிராஅத்தைப் பற்றி ஒரு சொல். சிகிச்சைக்கு முன் கிராஅத் கேட்ட நோயாளிகளின் பதற்றம் குறைந்தது என்று ஈரான் முதலிய நாடுகளில் ஆய்வுகள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். அவற்றைச் சமுதாயத்தினர் பெருமையோடு பகிர்கிறார்கள். எனக்கு அதில் சிறு தயக்கம் உண்டு. இறைவசனம் ஓதப்படும்போது செவிதாழ்த்தி மௌனமாக இருக்கவேண்டும் என்பது குர்ஆனின் கட்டளை. மருத்துவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு வேலை செய்யும் கூடத்தில் ஒலிபெருக்கியில் கிராஅத்தை ஓடவிடுவது அந்த அதபுக்குப் பொருந்தாது. நோயாளியின் காதில் மட்டும் கேட்கும்படி வைத்தால் அக்குறை இல்லை. மேலும், மயக்க மருந்தைக் குறைக்கும் கருவியாக மட்டும் கலாமுல்லாஹ்வைப் பார்க்கத் தொடங்கினால், நாளை ஓர் ஆய்வு பயனில்லை என்று சொல்லும்போது ஈமான் ஆட்டம் காணும். இறைநினைவால் உள்ளங்கள் அமைதியுறும் என்ற வாக்குறுதி எந்த ஆய்வகத்தின் முடிவுக்காகவும் காத்திருக்கவில்லை.

நமக்கு அண்டையில் மலபாரின் மாப்பிளா முஸ்லிம் பெண்கள், பிரசவ வலி கண்டவளின் அருகில் அமர்ந்து ‘நஃபீஸத் மாலை’ பாடும் வழக்கம் கொண்டிருந்தார்கள். அதன் உள்ளடக்கத்தைப் பற்றி உலமாக்களிடையே மாறுபட்ட கருத்துகள் உண்டு. அந்த விவாதம் வேறு. அந்த அறையில் நடந்ததை மட்டும் பாருங்கள். மருந்து இல்லை, கருவி இல்லை. மூச்சோடு ஏறி இறங்கும் பெண்குரல்கள், வலியில் துடிப்பவளுக்குத் தான் தனியே இல்லை என்று தெரிவித்துக்கொண்டிருந்தன. இன்று பிரசவ அறைக்குள் ஒருவரைக்கூட விடாத மருத்துவமனைகள் பல இருக்கின்றன. காதுக்கருவி அங்கு அந்தக் குரல்களின் இடத்தை ஓரளவு நிரப்புகிறது.

நடைமுறையில் கேட்போருக்கு: எம்.ஆர்.ஐ. எடுக்கும் குழாய்க்குள் போகுமுன், பல் பிடுங்குமுன், டயாலிசிஸுக்குப் படுக்குமுன், எனக்கு இன்னது கேட்க வேண்டும் என்று மருத்துவரிடமோ செவிலியரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். பல இடங்களில் அவர்களாகவே ஏதோ ஒரு திரைப்பாட்டை ஓடவிடுவார்கள். மாற்றச் சொன்னால் மாற்றுவார்கள். கிராஅத்தோ நஷீதோ உங்கள் தாயாரின் குரலில் பதிந்த துஆவோ, முன்னதாகவே கைப்பேசியில் இருக்கட்டும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் கைப்பேசியைக் கொண்டுபோகக் கூடாது. அங்கு அவர்களுடைய காதுக்கருவியில்தான் கேட்க இயலும் என்பதால் முதல்நாளே கேட்டு வையுங்கள். மருத்துவர் தரும் வலிமருந்தை இதற்காக மறுக்க வேண்டாம். கருவியிசையைத் தவிர வேறெதிலும் ஒரு நோயாளி அமைதியடையவில்லை, மருத்துவரும் அதையே வற்புறுத்துகிறார் என்றால், மேலே சொன்ன ஷாஃபிஈ விதிவிலக்கை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் ஆலிமிடம் அந்த நோயாளியின் நிலையை விளக்கிக் கேளுங்கள். ஹனஃபீ மத்ஹபைப் பின்பற்றுவோர் தங்கள் முஃப்தியிடம் கேட்பது நலம். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.